ஊர் எல்லை தெரிந்த மென்பொருளுக்குத் தன் கோளாறைச் சொல்லத் தெரியவில்லை

பாகூரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் நண்பன், "உன் கடையில் ஓடுகிற பில்லிங் மென்பொருளை நானும் வாங்கலாமா?" என்று கொஞ்ச நாளாகத் துளைக்கிறான். போனில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஸ்டாக், லெட்ஜர், பார்கோடு இதெல்லாம் இந்த விலைக்குக் கிடைக்கும் எந்த மென்பொருளும் செய்யும். அதற்குள் போகவில்லை. நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், அவனுக்குத் தெரியும்.

முதலில் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. என் ஹார்டுவேர் கடை கடலூரில், புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிறது. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு மாநிலக் கணக்கு. இங்கே ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், அங்கே 34. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னியக்கோயில், பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்து ஒப்பந்தக்காரர்கள் பாதிப் பேர் என்னிடம்தான் சிமென்ட் எடுக்கிறார்கள். சரக்கு அங்கே போய் இறங்கினால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி; இங்கே கடலூர் சைட்டிலேயே இறங்கினால் மத்திய அரசின் சிஜிஎஸ்டி, மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டி என்று பாதிப் பாதி. இதை மாற்றிப் போட்டுவிட்டால் மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும். இந்த மென்பொருள், வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்ததுமே, "சரக்கு எங்கே இறங்குகிறது?" என்று ஒரு கேள்வி கேட்கும். பதிலைச் சொன்னால் வரியைத் தானே பிரித்துக்கொள்ளும். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்றாலும் சட்டமன்றம் இருப்பதால் அங்கே யூனியன் பிரதேசங்களுக்கான யூடிஜிஎஸ்டி கிடையாது, எஸ்ஜிஎஸ்டிதான் என்பதும் அதற்குத் தெரியும். எல்லையோரத்தில் கடை வைத்திருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியாது. நாலைந்து வருடத்தில் இந்த இடத்தில் ஒரு பில்கூடத் தப்பாகப் போனதில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் புதிய வரி விகிதம். சிமென்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. விலை இறங்கட்டும் என்று காத்திருந்தவர்கள் எல்லாம் அன்றைக்கே வண்டியோடு வந்து நிற்பார்கள் என்று தெரியும். மென்பொருள் நிறுவனமும் அதற்குத் தோதாக முன்கூட்டியே அப்டேட் கொடுத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்தின நாள் இரவு அப்டேட் போட்டேன். இறங்கி முடிந்து, புதிய பதிப்பு முதல் தடவை திறக்கிற நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை.

காலையில் ஐகானைத் தட்டினால் வட்டம் ஒரு நொடி சுழல்கிறது, நிற்கிறது, அவ்வளவுதான். எர்ரர் பெட்டி இல்லை, சத்தம் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டினால் பெயர் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. வாசலில் மினி லாரி நிற்கிறது. கடைப் பையன் "அண்ணே, கைபில் போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

உதவி எண்ணில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க சார்" என்றார். போட்டேன், அதே கதை. கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வருகிற தம்பி பார்த்துவிட்டு, ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்றார். இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: டேட்டாபேஸின் பேக்கப் வேறு டிஸ்கில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் ஃபார்மட்டுக்குத் தலையாட்டவே கூடாது. திறக்காமல் போனது மென்பொருள்தான். வருடக்கணக்கான கணக்கு அதே டிஸ்கில் பத்திரமாகத்தான் இருக்கும். ஃபார்மட் அடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

காரணம் விண்டோஸிடமே இருந்தது. கம்ப்யூட்டரில் நடப்பதை விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவேடு ஈவென்ட் வியூவர். தேடும் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டி, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போனால், நாம் ஐகானைத் தட்டிய அதே நிமிடத்தில் சிவப்புக் குறியோடு இரண்டு வரிகள் கிடந்தன. ஒன்று அப்ளிகேஷன் எர்ரர், எண் 1000. இன்னொன்று டாட்நெட் ரன்டைம் (இந்த மென்பொருள் ஓடுவதற்கு அடித்தளமான மைக்ரோசாஃப்ட் நிரல்), எண் 1026. முதலாவது செத்தது யார் என்று மட்டும் சொல்கிறது, இரண்டாவதுதான் ஏன் என்று சொல்கிறது. நம் அமைப்புகளை (செட்டிங்ஸ்) வைத்திருக்கும் யூசர் டாட் கான்ஃபிக் (user.config) என்ற கோப்பைப் படிக்க முடியவில்லை என்று, அது இருக்கும் ஃபோல்டர் வழியோடு எழுதியிருந்தது.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். அளவு சில கேபி என்று காட்டுகிறது, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை, வெறும் வெள்ளை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இப்படி ஆகும்: கோப்புக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது, எழுத வேண்டியது டிஸ்குக்குப் போய்ச் சேரவில்லை. மறுபடி இன்ஸ்டால் செய்தும் பிரயோஜனம் இல்லாமல் போனதற்குக் காரணமும் இதுதான். அன்இன்ஸ்டால் செய்தால் ப்ரோக்ராம் ஃபைல்ஸில் இருப்பது போகும். நம் பெயரில், ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் அமைப்புகள் அப்படியே தங்கிவிடும். புதிதாகப் போட்டதும் அதே கெட்ட கோப்பைப் படித்து அதே இடத்தில் விழுகிறது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்துவிட்டு ஐகானைத் தட்டினேன். திறந்துவிட்டது. ஸ்டாக், பாக்கி எல்லாம் சரியாக இருந்தன, சிமென்ட் 18 என்று நின்றது. ஆனால் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் முதல் பில் அரை அங்குலம் கீழே இறங்கி, மொத்தத் தொகை கட்டத்துக்கு வெளியே விழுந்தது. மார்ஜின் அளவும் அந்தக் கோப்பில்தான் இருந்திருக்கிறது. அதற்கும் வழி பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் எண்ணிலேயே தனி ஃபோல்டர். முந்தைய பதிப்பின் ஃபோல்டரில் நல்ல கோப்பு அப்படியே கிடந்தது. மென்பொருளை மூடிவிட்டு அதை நகலெடுத்துப் புதிய ஃபோல்டரில் போட்டதும் மார்ஜின், தமிழ் எழுத்துரு, பிரின்டர் எல்லாம் பழையபடி வந்துவிட்டன.

கரண்ட் போனதற்கு மென்பொருள் என்ன செய்யும்? நியாயம்தான். ஒரு கோப்பு கெடுவது எங்கும் நடக்கும். கெட்டால் "அமைப்புக் கோப்பைப் படிக்க முடியவில்லை, புதிதாகத் தொடங்கட்டுமா?" என்று ஒரு வரி கேட்க முடியாதா? சரக்கு எங்கே இறங்குகிறது என்று அவ்வளவு கரிசனமாகக் கேட்கத் தெரிந்தவர்கள்தானே எழுதியிருக்கிறார்கள்! கெட்ட கோப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு முந்தைய பதிப்பின் நகலை எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் சின்ன வேலை. இதை எழுதி அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது காரணம் சொல்லாமல் மூடிக்கொள்கிற மென்பொருளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் இந்த வருடமும் சந்தா புதுப்பித்துவிட்டேன். 33, 34 விஷயத்தில் எனக்கு வேறு போக்கில்லை. நண்பனுக்கு என் பதில், வேண்டாம். அவன் வாடிக்கையாளர்கள் எல்லோரும் பாகூரைச் சுற்றியே இருப்பவர்கள், இது கேட்கிற அந்த நல்ல கேள்விக்கு அவன் கடையில் வேலையே இல்லை. பில் போடுவது அவனுடைய அப்பா. ஒருநாள் காலையில் ஐகான் சும்மா இருந்தால் அவர் ஈவென்ட் வியூவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்த ஒரு வரிச் செய்தியை என்றைக்காவது சேர்த்தார்கள் என்றால் நானே போன் செய்து வாங்கச் சொல்கிறேன்.