பழைய காரை ஷோரூமில் கொடுப்பதா, நேரில் விற்பதா?

கும்பகோணம், மாயவரம் பக்கம் புது கார் எடுக்கப் போகிற பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

விலை: ஷோரூமில் குறைவு, அவர்களும் கைமாற்றி லாபம் பார்க்க வேண்டுமே. நேரில் விற்றால் கூடும், அதுவும் சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசியில். ஷோரூமில் பழைய வண்டிக்கு எவ்வளவு, பழசைக் கொடுத்துப் புதுசு எடுப்பதற்குத் தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, புது வண்டிக்குத் தள்ளுபடி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒன்றில் கூட்டி இன்னொன்றில் கழிப்பது பழைய வித்தை.

சோதனை: நாகை, வேதாரண்யம் வண்டி என்றால் ஷோரூம்காரர், நேரில் வாங்குபவர் இருவருமே குனிந்து அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார்கள், உப்புக்காற்றுத் துரு. கதவு ரப்பரை உரித்துப் பார்ப்பவர் விவரமான ஆள்.

அலைச்சல்: ஷோரூமில் சாவியைக் கொடுத்தால் சரி. நேரில் என்றால் ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

பேப்பர்: இரண்டிலும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 உண்டு. ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) பெயர் மாறும்வரை விபத்து நடந்தால் வழக்கு உங்களைத் தேடித்தான் வரும். ஷோரூம் என்றாலும் பெயர் மாறிய ஆர்சி நகலைக் கேட்டு வாங்குங்கள்.

நேரமில்லை, வண்டியும் சுமார் என்றால் ஷோரூம். சர்வீஸ் ரசீதோடு நன்றாக வைத்திருக்கும் மாருதி என்றால் நேரில் விற்பதே என் கட்சி.