கிராவல் நிலத்தைச் சோதிக்க எது சரி: ஜேசிபி குழியா, போர்வெல் வண்டியா, மண்ணின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டியா?

நிலத்தின் மேலே சிவப்பாகக் கல்லும் மண்ணும் கலந்து கிடக்கிறது, குவாரி அனுமதிக்குப் போகலாமா என்று யோசிக்கிறீர்கள். தெரிய வேண்டியவை இரண்டு: கீழே எவ்வளவு ஆழம் வரை இந்தச் சரக்கு இருக்கிறது, அது என்ன தரம். எந்த முறைக்குக் காசு செலவழித்தாலும் இந்த இரண்டில் எதற்குப் பதில் வரும் என்று முதலில் கேட்டுவிடுங்கள். என் தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் பெரும்பாலான கிராவல் குவாரிகள் சில மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடுபவை, அந்த ஆழத்துக்கு ஜேசிபி குழியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆழத்தில் ஒரு அடி தப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். பக்கத்துப் பட்டா நிலங்களுக்கு 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டால் மிஞ்சுவது 85க்கு 85, கால்வாசிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. மிச்சமுள்ள பரப்பில் ஒரு அடி தடிமன் என்பது சுமார் 780 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அறிக்கையில் மூன்று மீட்டர் என்று எழுதி, தோண்டும்போது இரண்டே மீட்டரில் களியோ பாறையோ வந்தால் நஷ்டம் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

குழி விஷயத்துக்கு வருவோம். ஜேசிபி சுமார் நாலரை மீட்டர் வரை போகும், அதற்கு மேல் வேண்டுமென்றால் பொக்லைன். குழியின் சுவரைப் பார்த்தாலே மேல்மண் எவ்வளவு, எங்கே கல் கூடுகிறது, எங்கே களி ஊடே ஓடுகிறது, ஈரம் எந்த மட்டத்தில் தொடங்குகிறது எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். மாதிரி எடுக்கும்போது மட்டும் ஒரு பழக்கத்தை விட வேண்டும், நல்லா இருக்கும் கல்லாகப் பொறுக்கிப் பையில் போடுவது. சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் சுரண்டி, கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்குகளை எடுத்தால்தான் சல்லடைச் சோதனை முடிவு அந்த நிலத்தைப் பற்றியதாக இருக்கும். கல் பெரிதாக இருந்தால் பை போதாது, சாக்கு வேண்டும். அப்புறம், ஆழமான குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள், கிராவல் சுவர் சொல்லிக்கொண்டு சரியாது. பக்கெட்டில் அள்ளி மேலே வைத்தே வேலையை முடிக்கலாம்.

தரம் ஏன் முக்கியம் என்றால், சாலையின் அடித்தளத்துக்குப் போகும் சரளைக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு நீர்ம எல்லை (எவ்வளவு ஈரத்தில் மண் குழம்பாக ஓடத் தொடங்கும் என்ற சதவீதம்) 25, நெகிழ்வுக் குறியீடு (எவ்வளவு ஈர வீச்சுக்கு மண் பிசைகிற பதத்தில் இருக்கும் என்ற அளவு) 6, இரண்டையும் தாண்டக் கூடாது என்கிறது. களி கொஞ்சம் கூடினால் சரக்கு வெறும் நிரப்பு மண்ணாகிவிடும், விலையும் இறங்கிவிடும். இந்த எண்கள் குழியிலிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்தால்தான் கிடைக்கும், தரைக்கு மேலே வைக்கும் எந்தக் கருவியும் அவற்றைத் தராது.

போர் வண்டி? ஆழத்துக்கு அது ராஜாதான், திருச்செங்கோட்டு ரிக் போகாத ஊர் இல்லை. ஆனால் சுத்தியல் கல்லை நொறுக்கி, காற்று அதை ஊதித் தள்ளுவதால் மேலே வருவது தூளும் சில்லும் மட்டும்தான், அதைச் சல்லடையில் போட்டு ஒரு பயனும் இல்லை. நிறம் மாறுவதையும் இறங்கும் வேகத்தையும் வைத்துப் பாறை எங்கே தொடங்குகிறது என்று ஊகிக்கலாம், அவ்வளவே. அதிலும் ஒரு பொறி உண்டு. சேலம், நாமக்கல், கரூர் பக்கத்து நைஸ் என்ற வரிவரியான கெட்டிப் பாறை நிலத்தில், மக்கிய பகுதிக்குள்ளேயே மக்காத உருண்டைப் பாறைகள் கிடக்கும், துளை அதில் போய் முட்டினால் அடிப்பாறை வந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். கட்டட அஸ்திவாரத்துக்குச் செய்யும் எஸ்பிடி சோதனையும் (குழாயை அடித்து இறக்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவது) இங்கே ஏமாற்றும், அதன் குழாய்க்கு உள்விட்டம் 35 மில்லிமீட்டர்தான், அதைவிடப் பெரிய கல் உள்ளே நுழையாது, வாயில் அடைத்துக்கொண்டு அடிகளின் எண்ணிக்கையை மட்டும் ஏற்றிவிடும்.

ரிக்குக்குக் காசு கொடுக்கும் முன் செலவே இல்லாத ஒன்றைச் செய்யுங்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் போர் போட்டவர்களிடம் எத்தனை அடி கேசிங் (துளை சரியாமல் இறக்கும் குழாய்) இறங்கியது என்று கேளுங்கள். கேசிங் நின்ற இடம் ஏறக்குறைய கெட்டிப் பாறையின் தலை. நாலைந்து தோட்டத்துக் கணக்கு கிடைத்தால் நிலத்தடி ஓரளவு பிடிபட்டுவிடும்.

ரெசிஸ்டிவிட்டிதான் சர்ச்சைக்குரியது. நிலத்தடி நீர் பார்க்க வரும் அதே கருவி: நாலு கம்பி, வெளி இரண்டில் மின்சாரம், உள் இரண்டில் அழுத்த வேறுபாடு. காய்ந்த சரளை மின்தடை அதிகம் காட்டும், களி குறைவாகக் காட்டும், ஆகவே எல்லையைக் கண்டுபிடிக்க அருமையான கருவி. ஆனால் தடிமனைச் சொல்லும்போது கவனம். மேலும் கீழும் தடை குறைந்த அடுக்கு இருந்து நடுவே சரளை மெல்லியதாக இருந்தால், 400 ஓம் மீட்டர் கொண்ட இரண்டு மீட்டர் அடுக்கும் 200 ஓம் மீட்டர் கொண்ட நாலு மீட்டர் அடுக்கும் கிட்டத்தட்ட ஒரே வளைகோட்டையே தரும். கணினி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து வண்ணப்படமாக அச்சடித்துக் கொடுக்கும், வாங்குபவருக்குச் சரக்கு இரட்டிப்பானது தெரியாது. பக்கத்திலேயே ஒரு குழி இருந்து அதோடு சரிபார்த்திருந்தால்தான் அந்தப் படத்தை நம்புவேன்.

நில அதிர்வு விலகல் முறை, அதாவது சுத்தியலால் தட்டி அலை வரும் நேரத்தை அளப்பது, வேறொரு கேள்விக்கு நல்லது: வெடி இல்லாமல் எவ்வளவு ஆழம் தோண்டலாம்? தளர்ந்த காய்ந்த சரளையில் அலை நொடிக்குச் சில நூறு மீட்டரில் போகும், கெட்டி நைஸில் 4,000க்கு மேல். கீழே போகப் போக வேகம் கூட வேண்டும் என்பது இதன் நிபந்தனை, எனவே புதுக்கோட்டைப் பக்கம் மாதிரி செம்புறாங்கல் ஓடு மேலேயும் மெத்தென்ற களி கீழேயும் இருந்தால் அந்தக் களி இதன் கண்ணுக்கே படாது. தரை ஊடுருவும் ரேடார் களி கலந்த செம்மண்ணில் சீக்கிரமே மங்கிவிடும், விடுங்கள்.

என் தீர்ப்பு மாறும் இடம் பண்ருட்டி, வானூர் வட்டாரம். அங்கே கடலூர் மணற்கல் தொடர், கூழாங்கல் அடுக்கும் மணலும் களி வில்லைகளும் மாறி மாறி வரும், திருவக்கரையில் கல்லான மரங்கள் கிடப்பதும் இதே தொடரில்தான். ஒரு குழியில் பார்த்த அடுக்கு அடுத்த குழியில் இருக்கும் என்று சொல்ல முடியாது, சரக்கும் குழிக்கு எட்டாத ஆழம் போகலாம். இங்கே ரெசிஸ்டிவிட்டியைக் கோடு கோடாக ஓட்டி, படம் மாறும் இடங்களில் குழி போட்டு, குழி எட்டாத இடத்தில் மட்டும் மாதிரியை முழுசாக எடுக்கும் துளைக்குச் செலவு செய்வதுதான் முறை.

எங்கே தோண்டினாலும் மே மாதக் குழியை மட்டும் வைத்து நீர்மட்டத்தை எழுதிவிடாதீர்கள். ஒன்றிரண்டு குழியைச் சுற்றி வேலி போட்டு வைத்திருந்து வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி அளக்கலாம், அல்லது பக்கத்துக் கிணற்றை அப்போது போய்ப் பார்க்கலாம். நீர்மட்டத்தைத் தொடக் கூடாது என்று நிபந்தனை வந்தால், வெட்டக்கூடிய ஆழத்தை முடிவு செய்வது அந்த டிசம்பர் அளவுதான்.