ஒன்பது வருடமாகப் பிரித்துப் படிக்கிறேன்

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் (டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு எழுதும் வேலை) 3 வருடம், மெடிக்கல் கோடிங்கில் (நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை) 6 வருடம். சேர்ந்த புதிதில் மருத்துவச் சொற்களை அப்படியே மனப்பாடம் செய்வேன்; ஒரே வாரத்தில் பாதி மறந்துபோகும். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர்தான், "முழுசாப் படிக்காதே, பிரிச்சுப் படி. கடைசித் துண்டுலேருந்து ஆரம்பி" என்றார்.

அவர் பிரித்துக் காட்டிய முதல் சொல் கோலிசிஸ்டெக்டமி. எக்டமி என்றால் வெட்டி நீக்குவது, சிஸ்ட் என்றால் பை, கோலி என்றால் பித்தம். பித்தப்பை நீக்கம்! கிரேக்க வேர்கள் நிற்கிற அதே வரிசையில் தமிழும் நிற்பதைப் பார்த்ததும் என் பயம் பாதி போய்விட்டது.

இந்தச் சொற்களின் துண்டுகளை நடுவில் ஒட்டவைக்கும் 'ஓ'வும் நமக்கு அந்நியமில்லை. மணி, அடித்தான் இரண்டும் சேரும்போது நடுவில் 'ய்' வருகிறதல்லவா? நாம் இரண்டு உயிருக்கு நடுவே மெய்யை வைக்கிறோம். அங்கே மெய்களுக்கு நடுவே உயிரை வைக்கிறார்கள். அதனால்தான் காஸ்ட்ரோஸ்கோப்பியில் (காஸ்ட்ர் என்றால் இரைப்பை, ஸ்கோப்பி என்றால் உள்ளே பார்ப்பது) 'ஓ' உண்டு. 'ஐட்டிஸ்' (அழற்சி) போல உயிரெழுத்தில் தொடங்கும் பின்னொட்டு வந்தால் அது விழுந்து காஸ்ட்ரைட்டிஸ் ஆகிவிடும். ஆனால் இரண்டு வேர்கள் சேரும் இடத்தில், அடுத்தது உயிரில் தொடங்கினாலும் 'ஓ' விழாது: காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் (என்டர் என்றால் குடல்).

இந்த முறை காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. 'மயலோ' என்ற ஒரே வேர் போலியோமயலைட்டிஸில் தண்டுவடம், மல்டிபிள் மயலோமா என்ற புற்றுநோயில் எலும்பு மஜ்ஜை. இலியம் இன்னும் மோசம். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் அதே உச்சரிப்பு, இடுப்பெலும்புக்கும் அதே உச்சரிப்பு. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'e' வந்தால் (ileum) குடல், 'i' வந்தால் (ilium) எலும்பு. ஒரு கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) ஆடியோவில் நான் எலும்பை எழுதி அனுப்பி, ஃபைல் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்த உறுப்பைப் பற்றிய ரிப்போர்ட் என்று பார்க்காமல் வேர்ச்சொல்லை மட்டும் நம்புவதில்லை. பார்க்கின்சன், குரோன் போல ஆட்களின் பெயரில் உள்ள நோய்களுக்கு இந்த முறை உதவவே உதவாது. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

போன வருடம் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று இருந்தது. ஹைட்ரோ நீர், நெஃப்ரோ சிறுநீரகம். நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்பதுவரை புரிந்தது. ஏன் தேங்கியது என்பதை எந்த வேரும் சொல்லாது. டாக்டர் அறைக்குள் போனதும், "அடைப்பு எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். அவர் படத்தை எங்கள் பக்கம் திருப்பி, சிறுநீர்க்குழாயில் சிக்கியிருந்த கல்லைப் பேனா முனையால் காட்டினார்.