வாசலில் ஒரு பேனல், பேஸ்மென்ட்டில் ஒரு சிவப்புப் பொத்தான்: சென்னைக்கு எந்த கால் பாக்ஸ்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சென்னையில் வணிகக் கட்டடத்துக்கு கால் பாக்ஸ், அதாவது பொத்தானை அழுத்தினால் ஆளோடு பேசவைக்கும் பெட்டி, வாங்குவதென்றால், கேபிள் எட்டுகிற இடமெல்லாம் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகவே போன் பேசும் எஸ்ஐபி பெட்டி. கேபிள் இழுக்கவே முடியாத மூலைக்கு மட்டும் 4ஜி சிம் போட்ட பெட்டி. லிஃப்டுக்குள் பழைய இரண்டு கம்பி அனலாக் இன்டர்காமே போதும். வாசலில் பளபளவென்று டச் ஸ்கிரீன் பேனல் மாட்டச் சொல்கிற வென்டரிடம் மட்டும் கொஞ்சம் உஷார். மேற்கு பார்த்த கேட்டில் கத்திரி வெயில் நேரம் மதியம் மூன்று மணிக்கு அந்தத் திரையில் ஒன்றும் தெரியாது. மழையில் நனைந்த விரலுக்குப் பாதி நேரம் அசையாது. அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகிற உலோகப் பொத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

கேட்டலாக்கில் பெரிதாகப் போட்டிருப்பது ஐபி65, ஐகே10 என்ற இரண்டு எண்கள். முதலாவது, தூசி புகாது, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கு. தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று அர்த்தமில்லை. இரண்டாவது, 20 ஜூல் அடி தாங்கும் என்பதற்கு. 5 கிலோ இரும்பை 40 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் விழுகிற அடி அது. இரண்டு எண்ணிலும் உப்புக்காற்றுக்குக் கணக்கு இல்லை. திருவான்மியூர், ஈசிஆர், ராயபுரம் பக்கம் 304 ஸ்டீல் முகப்பு சீக்கிரமே டீ கறை மாதிரி பழுப்பேறிவிடும். அங்கே மாலிப்டினம் கலந்த 316 கேட்டு வாங்க வேண்டும், திருகாணியும் சேர்த்து. பெட்டி 316, திருகாணி சாதா முலாம் என்றால் துரு அந்த நான்கு மூலையிலிருந்துதான் கிளம்பும்.

தண்ணீர் பெரும்பாலும் முகப்பு வழியாக வருவதில்லை, கேபிள் ஓட்டை வழியாகத்தான் வருகிறது. கேபிளை அடிப்பக்கத்திலிருந்து ஏற்றி, கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்கும் கிளாண்டை இறுக்கி, நுழைவதற்கு முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கவிட வேண்டும். வழிகிற மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே சிலிக்கான் பூசும்போது மேல்விளிம்பும் இடம் வலம் இரண்டு விளிம்பும் மட்டும் போதும். அடிப்பக்கத்தைத் திறந்து விடாவிட்டால் உள்ளே வேர்க்கும் ஈரம் வெளியேற வழியிருக்காது. இன்னொரு எதிரி குளவி. மைக் துளையில் மண் வைத்து அடைத்துவிடும். பேசுகிறவருக்கு எதிர்முனை கேட்கும், எதிர்முனைக்கு இவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். சர்வீஸ் ஆள் போர்டையே மாற்றச் சொல்வதற்கு முன் ஒரு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். எஸ்ஐபி பெட்டிக்கு நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட் போகும், 100 மீட்டர் வரை. இப்படிக் கரன்ட் தரும் ஸ்விட்ச்சின் சாதாரண பிஓஇ போர்ட் 15.4 வாட் கொடுக்கும், பெட்டிக்குப் போய்ச் சேர்வதற்கு உறுதி 12.95 வாட். காந்தப் பூட்டு ஒன்று 12 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 6 வாட் இழுக்கும். கேமரா வைத்த பேனலின் அவுட்புட்டிலிருந்தே பூட்டுக்கும் கரன்ட் எடுத்தால், பூட்டு பிடிக்கும் நொடியில் பேனல் அணைந்து மறுபடி பூட் ஆகக்கூடும். 'பெட்டி சரியில்லை' என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இந்த வகையும் உண்டு. பூட்டுக்குத் தனி பவர் சப்ளை கொடுத்து, பூட்டின் காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி வையுங்கள். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற இந்தச் சாமான், பூட்டை இயக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) கருகாமல் காக்கும். பேனலுக்குள்ளேயே இருக்கும் ரிலேயைக் கொண்டு நேராகக் கதவைத் திறக்கவும் கூடாது. தெருப்பக்கம் இருக்கும் பேனலைக் கழற்றி இரண்டு கம்பியை ஒன்றோடொன்று தொடவைத்தால் கேட் திறந்துவிடும். பூட்டை இயக்கும் ரிலே உள்பக்கம்தான் இருக்க வேண்டும். தீ அலாரம் அடித்தால் வெளியேறும் வழிக் கதவுகள் தாமாகத் திறக்க, பூட்டின் பவர் லைனையே ஃபயர் பேனலின் காண்டாக்ட் வழியாகக் கொண்டுபோய் வெட்ட வேண்டும். சாஃப்ட்வேரை நம்பி விடுகிற வேலை இல்லை இது.

யுபிஎஸ் கணக்கு: நான்கு பெட்டி, ஸ்விட்ச், ரவுட்டர் சேர்த்து சுமார் 57 வாட் என்று வையுங்கள். 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி காகிதத்தில் 84 வாட் அவர். கைக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட பாதி. முக்கால் மணி நேரம். நான்கு மணி நேரம் தாங்கச் சுமார் 38 ஏஎச் வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்தால் நான்கு மணி நேரமே குறைச்சல்தான். ஸ்விட்ச்சையும் யுபிஎஸ்ஸையும் பேஸ்மென்ட்டில் வைக்கவே கூடாது. தண்ணீர் முதலில் அங்கேதான் வரும், உதவி கேட்டுப் பொத்தானை அழுத்தப்போகிறவரும் அங்கேதான் மாட்டியிருப்பார்.

4ஜி பெட்டியில் ஏமாற இடம் அதிகம். 'ஜிஎஸ்எம்' என்று விற்பவற்றில் சில 2ஜி மட்டும். வேறு சில டேட்டாவுக்கு 4ஜி எடுத்துக்கொண்டு, அழைப்புக்கு 2ஜிக்கு இறங்கிவிடும். ஜியோவில் 2ஜியே கிடையாது, ஆகவே இவற்றில் அந்த சிம் போட்டால் பெட்டி ஊமை. 4ஜியிலேயே பேச்சும் போகிற வோல்ட்டி அழைப்பு உண்டா என்று கேட்டு, நீங்கள் போடப்போகும் சிம்மையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் பேஸ்மென்ட்டில் டவர் கிடைக்காமல் ஆண்டெனாவை மேலே இழுப்பார்கள். மெல்லிய ஆர்ஜி58 கேபிளை 10 மீட்டர் இழுத்தால் பிடித்த சிக்னலில் பெரும்பகுதி கேபிளிலேயே கரைந்துவிடும். ப்ரீபெய்ட் சிம்மை யாரும் ரீசார்ஜ் செய்யாமல் மறந்துபோவது தனிக்கதை.

இனி முக்கியமான கேள்வி: பொத்தானை அழுத்தினால் யார் எடுப்பார்? முதலில் செக்யூரிட்டி டெஸ்க், 20 நொடியில் எடுக்காவிட்டால் ஃபெசிலிட்டி மேனேஜர் மொபைல், அதன் பிறகு இரண்டாவது மொபைல், கடைசியாக 112. நேராக 108-க்குப் போகும்படி வைப்பதில் லாபமில்லை. ஆம்புலன்ஸ் வந்து நின்றாலும் கேட்டைத் திறந்து சரியான தளத்துக்கு வழிகாட்ட ஆள் வேண்டும். மொபைலுக்குப் போகும் அழைப்பில் ஒரு பொறி இருக்கிறது. 'நீங்கள் அழைக்கும் எண் தற்போது...' என்று கம்பெனிக் குரல் பேசத் தொடங்கியதுமே சில பெட்டிகள் யாரோ எடுத்துவிட்டதாக நினைத்து அடுத்த எண்ணுக்குப் போகாது. எடுத்தவர் ஓர் எண்ணை அழுத்தினால்தான் இணைப்பு உறுதி என்ற வசதி பெட்டியில் இருக்க வேண்டும். இது இல்லாத மாடலை, வேறு எத்தனை சிறப்பு இருந்தாலும், அவசரத் தேவைக்கு வாங்காதீர்கள்.

டெஸ்க் போனின் திரையில் '1004' என்று பெட்டியின் எண் மட்டும் வந்து பயனில்லை. 'பி2 தூண் 14' என்று வரும்படி பெயர் வையுங்கள். காவலர்கள் பலர் ஒடிசா, அசாம், பீகாரிலிருந்து வந்தவர்கள். பதறிப்போய் வேகமாகத் தமிழில் பேசுகிறவரை அவர்களால் பின்தொடர முடியாது. இடத்தின் பெயர் தமிழிலும் இந்தியிலும் டெஸ்க்கில் ஒட்டியிருந்தால், பேச்சு புரியாவிட்டாலும் எங்கே ஓட வேண்டும் என்பது தெரிந்துவிடும். கால் பாக்ஸ் மீதும் 'அவசர உதவி' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். அதன் மேலேயே பிஜி வாடகை நோட்டீஸ் ஒட்டுவார்கள், வாரம் ஒருமுறை கிழிக்க வேண்டியதுதான். சக்கர நாற்காலியில் வருபவர் கை எட்ட, பொத்தான் தரையிலிருந்து 1,000 முதல் 1,100 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். கேமரா அகலக் கோணம் இல்லையென்றால் அந்த உயரத்தில் வயிறு மட்டும்தான் தெரியும்.

விசிட்டர் பேனலில் அடிக்கடி வரும் புகார், உள்ளிருப்பவர் போனில் 9 அழுத்தியும் கேட் திறக்கவில்லை என்பது. பேச்சு தெளிவாகக் கேட்கிறதென்றால் கோளாறு பூட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. பொத்தான் ஒலியை பெட்டி ஒரு முறையிலும் போன் எக்ஸ்சேஞ்ச் வேறு முறையிலும் அனுப்புகின்றன. இரண்டிலும் ஆர்எஃப்சி 2833 என்று ஒரே அமைப்பாக வைத்தால் தீரும். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் ரவுட்டரில் எஸ்ஐபி அழைப்புகளைத் திருத்தி அனுப்பும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, மெயின் கரன்ட்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, எடுக்க ஆன நொடிகளை ரிஜிஸ்டரில் குறியுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு பெட்டியின் கான்ஃபிகரேஷன் ஃபைலையும் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், வேறு ஆளுக்கு மாறும்போது பழைய வென்டர் போனை எடுக்கமாட்டார்.