15 மணி நேரம் என்று விற்கப்பட்ட 28 மணி நேரப் பயணம்

தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்ப, சென்ற டிசம்பரில் தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எடுத்தேன். பெற்றோரை முதன்முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பவிருக்கும் நம் பகுதிக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அம்மா இன்சுலின் போடுபவர் என்பதால் மொத்தப் பயண நேரம் எவ்வளவு என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டேன். கடைக்காரர் தம் செல்போனை என் பக்கம் திருப்பி, உலக வரைபடத்தில் சென்னையையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைக்கும் ஒரு நீலக் கோட்டைக் காட்டினார். தூரம் சுமார் 13,900 கி.மீ., நேரம் பதினைந்தரை மணி என்று அதில் இருந்தது. "ராத்திரி ஏறினா மறுநாள் மத்தியானம் அம்மா அங்க இருப்பாங்க சார்" என்றார். இதைவிட வேகமான வழி கிடையாது என்று சொல்லி 6,000 ரூபாய் கூடுதலாகவும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. இரு ஊர்களுக்கும் இடையிலான நேர்த்தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து வந்த விடைதான் அந்தப் பதினைந்தரை மணி. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானமே இல்லை. அம்மாவின் டிக்கெட் துபாய் வழியாக இருந்தது: துபாய்க்குச் சுமார் 2,900 கி.மீ., அங்கிருந்து ஏறத்தாழ வடதுருவத்தை ஒட்டிச் செல்லும் 13,000 கி.மீ., இடையில் எட்டு மணி நேரக் காத்திருப்பு.

வியாழன் இரவு 9.50-க்குப் புறப்பாடு, வெள்ளி பகல் 1.00-க்கு வருகை என்று டிக்கெட்டில் அச்சாகியிருந்தது. கழித்துப் பார்த்தால் பதினைந்து மணி நேரம்தான் வரும். நானும் அப்படித்தான் கழித்துப் பார்த்து ஏமாந்தேன். ஆனால் இரண்டும் அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் சான்பிரான்சிஸ்கோ நமக்குப் பதின்மூன்றரை மணி பின்னால் இருப்பதால், அங்கே வெள்ளி பகல் ஒரு மணி என்பது இங்கே சனி அதிகாலை 2.30. ஆக மொத்தம் 28 மணி 40 நிமிடம்! அம்மா வீட்டை விட்டுக் கிளம்பி மீனம்பாக்கத்தில் காத்திருந்த நேரம் இதில் சேராது.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னர் தங்கைதான் இதைக் கண்டுபிடித்தாள். கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "டிக்கெட்ல எல்லாம் போட்டிருக்கே சார்" என்றார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றும் சொன்னார்கள். மருத்துவரிடம் ஓடி ஊசி நேரங்களை மாற்றி எழுதி வாங்கி, மருந்தையும் மருத்துவர் கடிதத்தையும் கைப்பையிலேயே வைத்து அனுப்பினோம். துபாயில் சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருப்பதாகக் கடைக்காரர் கூறியதும் பொய். அம்மா நடந்தேதான் போயிருக்கிறார்.

திரும்பும் டிக்கெட்டை ஏப்ரலுக்கு நானே எடுத்துவிட்டேன். அப்போது அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தியிருப்பார்கள் என்பதால் வித்தியாசம் பன்னிரண்டரை மணிதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.