மஞ்சள் ஒயரும் ஐம்பத்தைந்து இன்ச்சும்

2019 தீபாவளிக்கு 55 இன்ச் 4கே டிவி வாங்கினோம். அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா, பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் வெளுக்கிறதா என்று ஒவ்வொரு டிவிக்கு முன்னாலும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தேன். அம்மா கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "ஏதாவது ஒண்ணை எடுப்பா, எல்லாத்துலயும் அதே கிளிதான தெரியுது" என்றார்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. டிவியின் பெயரைச் சொல்லி யாருக்கும் பயனில்லை, அந்த மாடலே இப்போது கடைகளில் இல்லை. வீட்டில் சும்மா டிவி பார்ப்பவர்களுக்குப் படத்தின் துல்லியம் முக்கியமா என்ற கேள்விக்கு மட்டும் இந்த ஆறு வருடத்தில் கொஞ்சம் பதில் கிடைத்திருக்கிறது.

முதலில் வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டிவியோடு செட்டாப் பாக்ஸையும் எச்டிக்கு மாற்றினோம். எச்டி சேனல்களுக்கு மாதாமாதம் தனிக் காசு. மாட்ட வந்தவர் பழைய டிவியில் இருந்த சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரையே புதிதிலும் சொருகிவிட்டுப் போய்விட்டார். எச்டி படத்தைக் கொண்டுவர வேண்டிய எச்டிஎம்ஐ கேபிள் பிரிக்காத கவரோடு அட்டைப்பெட்டிக்குள் பரணில் கிடந்தது. பதினான்கு மாதம்! 2021 பொங்கலுக்கு வந்த அக்கா மகன்தான் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தான். "மாமா, எச்டிக்குக் காசு கட்டிட்டு மஞ்சள் ஒயர்லயா பாக்குறீங்க?"

மஞ்சள் ஒயரில் எச்டி வராது. வருவது பழைய எஸ்டி படம், 720-க்கு 576 புள்ளி. 4கே திரையில் இருப்பதோ 3840-க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. அதாவது ஒரு புள்ளியை இருபது இடத்தில் இழுத்துப் பூசிய படத்தை ஒரு வருடத்துக்கு மேல் குடும்பமே பார்த்திருக்கிறோம். போதாததற்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் அகலமாக விரிந்த முகங்கள். கடையில் அத்தனை தூரம் குனிந்து பார்த்த நான் என்ன செய்தேன் என்றால், இரவில் டிவியிலேயே இருக்கும் ஆப்பில் படம் பார்த்தேன். பகலில் கேபிள் ஓடும்போது கடந்துபோனால், "நம்ம ஒளிபரப்பே இப்படித்தான்" என்று சேனலைத் திட்டிவிட்டுப் போனேன்.

ஒயரை மாற்றியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "என்னடா, எல்லாரும் மெலிஞ்சுட்டாங்க?" தெளிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து ராத்திரி சீரியலின்போது, "அந்த மருமக போட்டிருக்கிறது பூரா கவரிங்" என்றார். பதினான்கு மாதமாக அது தங்கம்தான்.

எச்டி சரி. 4கே-க்குக் கொடுத்த காசு? சாதாரணப் பார்வையுள்ள கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான கோணத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. 55 இன்ச் திரை கிட்டத்தட்ட 122 செ.மீ. அகலம். அதில் எச்டியின் ஒரு புள்ளி 0.6 மி.மீ.க்குச் சற்று மேல். ஏழடிக்கு அப்பால் போனால் அது கண்ணில் கரைந்துவிடும், அதற்குமேல் நுணுக்கினாலும் தெரியாது. எஸ்டியின் புள்ளி 1.7 மி.மீ., அது கரைய 19 அடி தள்ளி உட்கார வேண்டும். எங்கள் சோபா பதினோரு அடியில் இருக்கிறது. அதனால்தான் எஸ்டிக்கும் எச்டிக்கும் உள்ள வித்தியாசம் சோபாவிலிருந்தே கவரிங்வரை காட்டிக்கொடுக்கிறது. எச்டிக்கும் 4கே-வுக்கும் உள்ளதைப் பார்க்க நான் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட வேண்டும். கடையில் நான் குனிந்து பார்த்தது இரண்டடி தூரத்தில்.

2023-ல் ஒரு நாள் திரை முழுக்க இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. கம்பெனி சர்வீஸில் பேனலையே மாற்றணும் என்று டிவி விலையில் பாதியைச் சொன்னார்கள். தெருமுனை மெக்கானிக் வந்து, விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் பட்ட வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் காதும் தோளும் மங்கலாக அசைந்தன. "பேனல் நல்லாருக்கு சார், பின்னாடி எல்இடி பட்டிதான் போச்சு" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் விளக்கு வரிசைதான் அந்தப் பட்டி. அது வர மூன்று நாள் ஆகும் என்றார். அந்த மூன்று நாளும் அம்மா இருண்ட திரைக்கு முன்னால் அதே நேரத்துக்கு உட்கார்ந்து எல்லாச் சீரியலையும் கேட்டு முடித்தார். "அழறது, கத்துறது எல்லாம் கேக்குதுல்ல, அப்புறம் என்ன?" உண்மைதான். இடி முழக்க மியூசிக் விழுந்தால் யாரோ யாரையோ பார்த்து அதிர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கட்டிலில் போர்வை விரித்து, டிவியைக் குப்புறப் படுக்கவைத்துப் பட்டியை மாற்றினார்கள். மொத்தம் 3,200 ரூபாய். புதுப் பட்டியில் படம் லேசாக நீலம் அடித்தது. எனக்கு உறுத்தியது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

கிரிக்கெட் வேறு கதை. பந்து தெரியணும், ஸ்கோர் படிக்க முடியணும், அதற்கு எச்டி வேண்டும். ஆனால் என் மகனுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை, ஆப்பில் பார்த்தால் படம் பிந்தி வருவது. இங்கே பவுலர் ஓடிவரும்போதே கேபிளில் பார்க்கும் பக்கத்து வீட்டில் "அவுட்டு" என்று கத்திவிடுகிறார்கள். ஆப்பில் படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அவன் ரிமோட்டை எடுத்துக் கேபிளுக்கு மாற்றிவிடுவான்.

நான் மாற்றச் சொல்லும் ஒரே செட்டிங், அசைவை வழுவழுப்பாக்கும் அந்த மோஷன் சமாச்சாரம். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி தானாக நடுவில் பிரேம்களைக் கற்பனை செய்து நிரப்பும்போது பெரிய பட்ஜெட் படமும் சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. அணைத்துவிடுங்கள். வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள், உங்களுக்கு நிம்மதி.

2024-ல் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. இரண்டாவது கண்ணும் முடிந்து சொட்டு மருந்தெல்லாம் நின்ற பிறகு ஒரு நாள் கேட்டார்: "டிவி ஏன்டா இப்படி நீலமா இருக்கு? முன்னாடி நல்லாத்தான இருந்துச்சு." கண்புரை விழுந்த லென்ஸ் மஞ்சளித்து நீலத்தை வடிகட்டிக்கொண்டிருக்கும், அதை எடுத்துவிட்டால் எல்லாமே கொஞ்ச நாளைக்கு நீலமாகத்தான் தெரியும், பழகிவிடும் என்று விளக்கினேன். "வேட்டி நீலமா தெரியல, டிவிதான் தெரியுது" என்றார்.

எல்இடி பட்டி ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக வீட்டில் நான் ஒருவன் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நீலம். செட்டிங்கில் நிறத்தைக் கூலில் இருந்து வார்ம் 2-க்கு மாற்றினேன். அம்மா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். அரை மணி நேரத்தில் மனைவி சமையலறையிலிருந்து வந்து, "யாரு டிவியை மஞ்சக்காமாலை மாதிரி ஆக்குனது?" என்றார்.

இப்போதைக்கு வார்ம் 1-ல் நிற்கிறது.