க்யூட் கலர் பிக்கரும் தேதிப் பெட்டியும்: ஒன்றரை வருடம் பயன்படுத்திய பிறகு

டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்கள் டேட்டாபேஸ் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், நிறம் தேர்ந்தெடுக்கிற பெட்டியையும் தேதி போடுகிற பெட்டியையும் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் பயனர் தினமும் கை வைக்கிற இடம் இந்த இரண்டும்தான். நான் எழுதுவது பணி அட்டவணை மென்பொருள். ஒவ்வொரு வகைப் பணிக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு பணிக்கும் தொடங்கும் தேதி, முடிக்க வேண்டிய தேதி, முடித்த தேதி. முன்பு விண்டோஸ் ஃபார்ம்ஸில் இருந்ததை க்யூட்டுக்கு மாற்றினேன் (Qt, க்யூ-டி என்று எழுத்து எழுத்தாகச் சொல்பவர்களும் உண்டு). ஜன்னல், பொத்தான், பெட்டி எல்லாம் தயாராகத் தரும் கருவித்தொகுப்புகள்தான் இரண்டும். மொழி பைதான், அதிலிருந்து க்யூட்டைப் பயன்படுத்தப் பைசைடு 6. இது அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றி மட்டும்.

முதலில் கலர் பிக்கர். க்யூகலர்டயலாக் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதற்கு முதல் காரணம் அது தரும் ஒரு சிக்னல். பயனர் வண்ணப் பரப்பில் சுட்டியை இழுக்க இழுக்க, ஓகே அழுத்துவதற்கு முன்பே, 'இப்போது இருக்கும் நிறம் இது' என்று நம் நிரலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை அட்டவணையோடு இணைத்துவிட்டால் பின்னால் இருக்கும் பணி அட்டைகள் எல்லாம் கூடவே நிறம் மாறும். கேன்சல் அழுத்தினால் பழைய நிறத்தைத் திருப்பிப் போடுவது மட்டும் நம் பொறுப்பு. விண்டோஸ் ஃபார்ம்ஸின் கலர்டயலாக்கில் இந்த வசதி கிடையாது, ஓகே அழுத்தி மூடிய பிறகுதான் நிறம் கைக்கு வரும். சின்னக் கட்டத்தில் அழகாகத் தெரிந்த பச்சை, இருபது அட்டைகளில் பரவும்போது கண்ணைக் குத்தும். அதைத் திறந்த பெட்டியை மூடாமலே பார்த்து மாற்ற முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஒருமுறை பயன்படுத்தினால்தான் தெரியும்.

திரையில் எங்கே இருக்கும் நிறத்தையும் எடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திவிட்டு நகர்த்தினால் சுட்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று கீழே எண்ணாகக் காட்டும், எஸ்கேப் அழுத்தினால் விட்டுவிடும். விண்டோஸில் நன்றாக வேலை செய்கிறது. லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்ட வேலாண்ட் என்ற அமைப்பு ஓடும் இடத்தில் இதை நம்பி மென்பொருளை வடிவமைக்காதீர்கள், அங்கே ஒரு நிரல் இன்னொரு ஜன்னலின் பிக்சலைத் தன் இஷ்டத்துக்குப் படிக்க முடியாது, பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அப்புறம், மேக்கில் இயல்பாகத் திறப்பது அந்தக் கணினியின் சொந்த நிறப் பலகை, க்யூட்டின் பெட்டி அல்ல. உதவிக் குறிப்பில் படம் போடுவதாக இருந்தால் இரண்டையும் எடுத்து வையுங்கள்.

பயனர் சேர்த்து வைக்கிற 16 சொந்த நிறங்களை க்யூட் தானாகவே நினைவில் வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸிலும் 16 இடம்தான், ஆனால் அடுத்த முறை திறக்கும்போது இருக்க வேண்டுமென்றால் நாமே சேமித்து நாமே திருப்பிப் போட வேண்டும்.

சரி, பெட்டியிலிருந்து வெளியே வருகிற மதிப்புக்கு வருவோம், கவனம் வேண்டியது இங்கேதான். பயனர் கேன்சல் அழுத்தினால் க்யூட் ஒரு 'செல்லாத நிறம்' தருகிறது. அது செல்லுமா என்று கேட்காமல் நேராக அதன் பெயரை எடுத்தால் #000000 என்று வரும், அதாவது மனம் மாறி கேன்சல் அழுத்தியவரின் அட்டை கறுப்பாகிவிடும். ஒரு வரிச் சோதனை போதும், மறக்காமல் போடுங்கள்.

அடுத்தது ஆல்ஃபா, ஒளிபுகும் தன்மை. க்யூட்டில் ஆல்ஃபாவோடு நிறத்தை எழுத்தாக எடுத்தால் ஆல்ஃபா முன்னால் வரும். வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் அது கடைசியில் வரும். ஓர் உதாரணம்: பாதி ஒளிபுகும் நீலம், க்யூட் எழுதுவது #80336699. இதில் 80 ஆல்ஃபா (பதினாறடிமான எண், அதில் 80 என்றால் பாதி), மீதி 336699 நிறம். இதையே நான் அட்டவணையை வலைப்பக்கமாக ஏற்றுமதி செய்யும் பகுதியில் அப்படியே ஒட்டியிருந்தேன். உலாவி 803366 என்பதை நிறமாகவும் 99-ஐ ஆல்ஃபாவாகவும் படித்தது. விளைவு, திரையில் மங்கலான நீலம், வலைப்பக்கத்தில் அறுபது சதவீத அடர்த்தியில் ஒரு கத்தரிப்பூ நிறம். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் இரண்டு பக்கமும் அது செல்லுபடியாகும் நிறம்தான். என் தவறு, ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. இப்போது கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா நான்கையும் தனித்தனி எண்ணாகவே எழுதுகிறேன்.

விண்டோஸ் ஃபார்ம்ஸிலிருந்து வருபவர்களுக்கு இதே போன்ற இன்னொரு பள்ளம் உண்டு. அங்கே சொந்த நிறங்களை வைக்கும் பட்டியலில் எண்ணின் வரிசை நீலம், பச்சை, சிவப்பு. வரிசை புரண்டால் 336699 என்ற நீலம் 996633 என்ற பழுப்பாகும். பழைய பயனர்களின் நிறங்களைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவரும்போது இதைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவை நாம் கவனித்தால் தீர்ந்துவிடும். ஒன்று மட்டும் இந்தப் பெட்டியில் உண்மையாகவே குறை என்று நினைக்கிறேன். பயனர் தேர்ந்தெடுக்கும் நிறத்தின் மேல் எழுத்து தெரியுமா தெரியாதா என்று அது காட்டுவதில்லை. சரி, நாமே கணக்கிடலாம் என்று நிறத்தைச் சாயல், செறிவு, வெளிச்சம் என்று பிரிக்கும் எச்எஸ்எல் முறையின் 'வெளிச்சம்' அளவை எடுத்தால் ஏமாந்துபோவோம். தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் அந்த அளவு ஒன்றுதான், இரண்டுமே ஐம்பது சதவீதம். மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து போட்டால் ஒன்றும் தெரியாது, நீலத்தின் மேல் போட்டால் பளிச்சென்று தெரியும். வலைப்பக்கங்களை எல்லோரும் படிக்க முடியும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி சொல்லும் ஒளிர்வுக் கணக்குதான் இதற்குச் சரி. அதில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 என்று எடை. அதன்படி மஞ்சள் சுமார் 0.93, நீலம் சுமார் 0.07. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். இதைக் கணக்கிட்டு மாதிரி அட்டை ஒன்றைப் பக்கத்தில் காட்டும்படி நானே இருபது வரி எழுதினேன், அதற்குப் பிறகு வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்து வைத்த அட்டை ஒன்றுகூட வரவில்லை.

இனி தேதிப் பெட்டி. க்யூடேட்எடிட்டில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் தனித்தனிப் பகுதிகள், அம்பு விசையால் ஏற்றி இறக்கலாம், தட்டச்சும் செய்யலாம், 31 பிப்ரவரி போன்ற நடக்காத தேதியை உள்ளே விடாது. நாட்காட்டி தொங்கவிடும் வசதி இயல்பாக அணைந்திருக்கும், ஒரு வரியில் போட்டுக்கொள்ளலாம். வாரம் ஞாயிறில் தொடங்குவதா திங்களில் தொடங்குவதா என்பதைக்கூட லோக்கேலை (மொழி, நாடு அமைப்பை) பார்த்து அதுவே முடிவு செய்கிறது.

ஆனால் இதைக் காலியாக வைக்க முடியாது, எனக்கு இதுதான் பெரிய மனக்குறை. முடியாத பணிக்கு 'முடித்த தேதி' என்று எதைக் காட்டுவது? க்யூட்டில் இருக்கும் வழி, மிகக் குறைந்த தேதியைத் தொட்டால் தேதிக்குப் பதில் நாம் கொடுத்த வாசகத்தைக் காட்டுவது. இயல்பான குறைந்த தேதி 1752 செப்டம்பர் 14. ஏன் இப்படி ஒரு விசித்திரத் தேதி என்றால், பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. விண்டோஸ் ஃபார்ம்ஸின் தேதிப் பெட்டி 1753 ஜனவரி 1-இல் தொடங்குவதும் இதே கதையின் நிழல்தான், மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் முழு ஆண்டு அது. சுவையான வரலாறு, ஆனால் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டும் பெட்டியில் நாட்காட்டியைத் திறந்தால் அது அந்தக் குறைந்த தேதியின் பக்கத்தில் போய் நிற்கிறது, பயனர் அங்கிருந்து இன்றைக்கு வர வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் பக்கத்தில் ஒரு டிக் கட்டம் போடலாம், டிக் இல்லையென்றால் தேதி இல்லை, அவ்வளவுதான். அந்த ஏற்பாட்டையே இங்கேயும் ஒரு செக்பாக்ஸ் வைத்து நானே செய்துகொண்டேன்.

மவுஸ் சக்கரமும் கவனிக்க வேண்டியது. நீளமான படிவத்தைச் சுருட்டும்போது சுட்டி தேதிப் பெட்டியின் மேல் நின்றால் படிவம் நகராமல் தேதி மாறும். பெட்டியில் கவனம் (ஃபோகஸ்) இல்லாதபோது சக்கர நிகழ்வை ஒதுக்கிவிடும்படி ஒரு வடிகட்டி போடுவது நல்லது.

தேதியை எந்த வடிவில் எழுதுவது என்று சொல்லும் ஃபார்மேட் எழுத்துகளில்தான் நான் நன்றாக அடிபட்டேன். பைதானின் சொந்த முறையில் சதவீதக் குறியோடு சின்ன எம் போட்டால் மாதம், பெரிய எம் நிமிடம். க்யூட்டில் நேர்மாறு, பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். நான் காப்புக் கோப்பின் பெயரில் க்யூட்டின் தேதி-நேரத்தை வைத்துச் சின்ன எம் இரண்டு போட்டுவிட்டேன். சோதித்த நாள் மே 18, நேரம் 11:05. கோப்பின் பெயர் 2023-05-18 என்று வந்தது. மே மாதம் 05, நிமிடமும் 05, எனக்குச் சந்தேகமே வரவில்லை. மென்பொருளை வாங்கியவரிடம் போன பிறகு 2023-42-18 என்று ஒரு கோப்பு உருவானது. மாதம் 42! பழைய காப்புகளை அழிக்கும் பகுதி பெயரைப் படித்து முடிவெடுக்கும்படி எழுதியிருந்தேன், நல்லவேளையாக அது புரியாத பெயரைத் தொடாமல் விட்டது.

காட்டுவதற்கு ஒரு வடிவம், சேமிப்பதற்கு ஒரு வடிவம் என்று பிரிப்பதில் க்யூட் நன்றாகவே உதவுகிறது. சேமிக்க ஐஎஸ்ஓ வடிவம், ஆண்டு-மாதம்-நாள், பத்தே எழுத்து, அகர வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். காட்டுவதற்கு, லோக்கேலுக்கு ஏற்ப எழுதித்தரும் க்யூலோக்கேல். இதை விட்டுவிட்டு, தேதியை நேராக எழுத்தாக்கினால் க்யூட் 6-இல் மாதப் பெயர் ஆங்கிலத்தில்தான் வரும், தமிழ் லோக்கேல் போட்டிருந்தாலும் அப்படித்தான். க்யூலோக்கேல் வழியாகப் போனால் 'மே', 'செப்டம்பர்' என்று சரியாக வருகிறது, அதற்கேற்ப அட்டவணையின் பத்தி அகலத்தை மே மாதத்தை வைத்து அளக்காதீர்கள்.

குறுகிய வடிவத்தைக் காட்டலாம், திரும்பப் படிக்கக் கூடாது. பல லோக்கேல்களில் அதில் ஆண்டு இரண்டு இலக்கம்தான், 24 என்று இருப்பதை க்யூட் 1924 என்று எடுத்துக்கொள்ளும். எந்த நூற்றாண்டிலிருந்து எண்ணுவது என்று நாமே சொல்லும் வசதி 6.7 பதிப்பில் வந்தது.

மொத்தத்தில் கலர் பிக்கரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்து தெரிகிறதா என்று பார்க்கும் பகுதியை மட்டும் நீங்களே சேர்த்தால் போதும். தேதிப் பெட்டி, தேதி கட்டாயமாக இருக்கும் இடங்களுக்கு அருமை, காலியாக இருக்கலாம் என்ற இடங்களுக்கு அரை நாள் வேலை கூடுதலாக ஒதுக்குங்கள்.

எந்த மொழியில், எந்த விட்ஜெட்டில் எழுதினாலும் ஃபார்மேட்டைச் சோதிக்க நான் இப்போது ஒரே ஒரு நேரத்தைத்தான் வைத்திருக்கிறேன்: 2024 டிசம்பர் 30, இரவு 23:47. நாள் 12-க்கு மேல், அதனால் நாளும் மாதமும் இடம் மாறினால் உடனே தெரியும். நிமிடம் 47, மாதத்தின் இடத்தில் வந்தால் காட்டிக்கொடுக்கும். மணி 23, விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஓடும் டாட்நெட்டில் சின்ன எச் போட்டிருந்தால் 11 என்று வரும். ஜாவாவில் ஆண்டுக்குப் பெரிய ஒய் போட்டிருந்தால் அது வாரக் கணக்கில் ஆண்டைப் பார்த்து, அந்த வாரம் 2025-இன் முதல் வாரம் என்பதால் 2025 என்று எழுதும்.